வழக்கறிஞன் கதைத்தலைவனாதல்: கண்ணோட்டமும் முறையும்

1. தோற்றுவாய்

தமிழ்க் கதை மரபில் வழக்கறிஞன் பிற்காலத்தவன். காப்பியங்களுக்கு அரசரும் வணிகரும் தலைவராயினர். கதைப்பாடல்களுக்கு வீரர் தலைவராயினர். பிறர்பொருட்டு மன்றத்தில் நின்று வாதிடுவோன் ஒருவனைத் தலைவனாகக் கொள்ளும் கதை, ஆங்கிலேயர் வகுத்த நீதிமன்ற அமைப்பு இந்நாட்டில் வேரூன்றிய பின்னரே பிறத்தற்கு இயன்றது. சென்னை உயர்நீதிமன்றம் 1862-இல் நிறுவப்பெற்றது. அடுத்த இரண்டு தலைமுறைக்குள் மயிலாப்பூர் வழக்கறிஞர் ஊர் எனப் பெயர் பெற்றது. சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், வி. பாஷ்யம் ஐயங்கார், வி. கிருஷ்ணசாமி ஐயர், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் புகழ் மயிலையையும் லஸ் பகுதியையும் சூழ்ந்து நின்றது. 1891-இல் தொடங்கிய சென்னைச் சட்ட இதழும் இவ்வட்டத்தாரின் முயற்சியே. வழக்கறிஞன் என்ற அளவில் கூர்த்த மதியும் நாவன்மையும் குடிப்பெருமையும் உடையான் ஒருவன் தமிழர் மனக்கண்முன் தோன்றுதற்கு இச்சூழலே காரணம் எனலாம்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் வினா ஒன்றே. வழக்கறிஞன் கதைத்தலைவனாக வருமிடத்து, அவன் எம்மக்கள்பொருட்டு வாதிடுகிறானோ அம்மக்களின் இனத்தைப் பற்றி அவன் கொண்டுள்ள கருத்து, அவன் பெற்றுத்தரும் நீதியின் வடிவை எங்ஙனம் அமைக்கிறது? அக்கருத்து அவனது தனிவாழ்வைச் சார்ந்த குறை மட்டுமா, அன்றி அவன் நீதியின் எல்லையை வரைவதும் அதுவேயா?

ஈண்டு இனம் என்னும் சொல்லை நிறம் பற்றிய பிரிவுக்கும் சாதி, பழங்குடி பற்றிய பிரிவுக்கும் பொதுவாக ஆள்கிறோம். இவை ஒன்றல்ல. ஆயினும், பிறப்பு ஒன்றையே சான்றாகக் கொண்டு ஒருவனைக் குற்றவாளி எனத் துணியும் மனப்போக்கில் இவை ஒன்றுபடுகின்றன. ஆராய்ச்சிக்குரியவை மூன்று படைப்புத் தொகுதிகள்: 1973-இல் வெளிவந்த 'கௌரவம்' என்னும் திரைப்படம், அமெரிக்க நாவலாசிரியை ஹார்ப்பர் லீயின் இரு நாவல்கள், 2021-இல் வெளிவந்த 'ஜெய் பீம்' என்னும் திரைப்படம். நாவலும் திரைப்படமும் வேறு கலைகள் ஆயினும், நம் நோக்கம் பாத்திரப் படைப்பு ஒன்றே ஆகலின் இவற்றை ஒருங்கு வைத்து நோக்குதல் தவறாகாது.

2. கண்ணோட்டமும் முறையும்

நீதி பற்றிய தமிழ்ச் சிந்தனையில் நமக்கு உதவும் அளவுகோல் ஒன்று உண்டு. வள்ளுவர் செங்கோன்மை என்னும் 55-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, முறை செய்வோன் ஆராய்தல் வேண்டும், யார்மாட்டும் கண்ணோடுதல் கூடாது என்கிறார். கண்ணோடுதலாவது முகம் பார்த்து இரங்குதல். மூன்று அதிகாரங்கள் கழித்து, அதே கண்ணோட்டத்திற்குத் தனியதிகாரம் வகுத்து அதனைச் சிறப்பிக்கிறார். இது முரண் அன்று. கண்ணோட்டம் அறமே, ஆயினும் அது முறைக்கு மாற்று ஆகாது என்பதே இப்பகுப்பால் பெறப்படும் கருத்து. செய்யவேண்டிய கருமம் சிதையாதவாறு கண்ணோடவேண்டும் என்று அவ்வதிகாரத்தின் உள்ளேயே அவர் எல்லை கட்டுவதும் கருதத்தக்கது.

மற்றோர் அளவுகோலும் நம்மிடம் உண்டு. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை நிற்கிறது. மெரினாக் கடற்கரையில் கண்ணகி சிலை நிற்கிறது. முன்னதில் முறையிடுவது பசு. அதற்கு மொழி இல்லை; மணியை அசைப்பதோடு அதன் செயல் முடிகிறது. எஞ்சியவை யாவும் அரசன் செயல். பின்னதில் முறையிடுபவள் தானே வாதி, தானே வழக்குரைப்பவள், தானே சான்று காட்டுபவள். சிலம்பின் உள்ளே இருப்பன முத்தா மாணிக்கமா என்னும் சான்றினை உடைத்துக் காட்டி அவள் வெல்கிறாள். பாண்டியன் அவள்மேல் இரங்கி நீதி வழங்கவில்லை. தன் பிழை மெய்ப்பிக்கப்பட்டமையால் உயிர் துறக்கிறான். ஒன்றில் பாதிக்கப்பட்டோர்க்குக் குரல் இல்லை, காப்போனின் பெருமை உண்டு; மற்றதில் பாதிக்கப்பட்டோரின் குரலே வழக்கு. வழக்கறிஞன் தலைவனாகும் கதை ஒவ்வொன்றும் இவ்விரு சிலைகளுக்கு இடையே எங்கோ ஓரிடத்தில் நிற்கிறது. அவ்விடம் எது என்பதை உறுதி செய்வது, எதிரில் நிற்கும் மனிதனை அவ்வழக்கறிஞன் என்னவாகக் காண்கிறான் என்பதே.

3. பாரிஸ்டர் ரஜினிகாந்த்

'கண்ணன் வந்தான்' என்னும் மேடை நாடகத்தின் வழித் தோன்றியது 'கௌரவம்'. வியட்நாம் வீடு சுந்தரம் எழுதி இயக்கிய இப்படத்தில் சிவாஜி கணேசன் பாரிஸ்டர் ரஜினிகாந்த் ஆகவும் அவர் வளர்த்த கண்ணன் ஆகவும் இரு வேடம் ஏற்றார். உயர்நீதிமன்ற நீதிபதிப் பதவி தமக்குக் கிட்டாமையால் சினந்த பாரிஸ்டர், தம் திறமையை நிலைநாட்டும்பொருட்டுக் குற்றம் செய்தான் ஒருவனைச் சட்டத்தின் பிடியினின்றும் விடுவிக்கிறார். வளர்த்த பிள்ளையே மன்றத்தில் எதிர்நிற்கும் நிலை பின்னர் வருகிறது.

இப்பாத்திரத்தின் ஆற்றல் நடிப்பில் மட்டும் இல்லை. ஒரு வட்டத்தாரின் பெருமித உணர்வு முழுவதையும் திரட்டி ஓர் உருவம் ஆக்கியதில் உள்ளது. படம் அவர் செருக்கைக் கண்டிக்கவும் செய்கிறது. ஆயினும் கண்டனம் எதன்பால் செல்கிறது என நோக்குக. திறமை அறத்தைக் கடத்தல் ஆகாது என்பதே படம் எழுப்பும் வினா. அத்திறமையை அடையும் வாயில் யார்க்குத் திறந்திருந்தது என்னும் வினா எழவே இல்லை. வழக்கு, மன்றம், பதவி யாவும் ஒரு வீட்டின் கூடத்துக்குள் நிகழும் குடும்பச் செய்திகள் ஆகிவிடுகின்றன.

வரலாறு இவ்விடத்தில் வியத்தகு சான்று ஒன்றைத் தருகிறது. சென்னை மாகாணத்தில் 1913-இல் நிலையான பணியில் இருந்த மாவட்ட முன்சீப்புகள் 128 பேர். அவருள் பிராமணர் 93 பேர், பிராமணரல்லாத இந்துக்கள் 25 பேர் என்பது அரசுப் பணி பற்றிய விசாரணையில் வைக்கப்பெற்ற கணக்கு. அவ்வேற்றத்தாழ்வு நீதிக்கட்சி பிறத்தற்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று. பின்னர் அறுபது ஆண்டு கழிந்து, 'கௌரவம்' வெளிவந்த அதே 1973-ஆம் ஆண்டில், ஏ. வரதராஜன் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகப் பதவி ஏற்றார். தாழ்த்தப்பட்ட வகுப்பினின்றும் 1980-இல் இந்திய உச்சநீதிமன்றத்தில் அமர்ந்த முதல் நீதிபதி அவரே. திரையில் பதவி கிட்டாமை ஒரு குடும்பத்தின் கௌரவத்திற்கு நேர்ந்த இழுக்காகக் காட்டப்பட்ட ஆண்டில், புறத்தே அப்பதவி முன்பு ஒருகாலும் எட்டாதிருந்தார் ஒருவர்க்கு எட்டியது. படத்தில் இச்செய்தியின் நிழலும் இல்லை. பகைமை காட்டும் இனநோக்கு ஒன்று. பிறரைக் காணவே காணாத இனநோக்கு மற்றொன்று. 'கௌரவம்' பின்னதன் சான்று என்பது எம் கருத்து.

4. அட்டிகஸ் பிஞ்ச்

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 1960-இல் வெளிவந்து, 1961-இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1962-இல் திரைப்படமாயிற்று. 1930-களின் அலபாமா மாநிலத்தில் மேகோம்ப் என்னும் கற்பனையூரில் நிகழும் இக்கதையில், வெள்ளையினப் பெண் மாயெல்லாவைக் கற்பழித்தான் எனப் பொய்ப்பழி சுமத்தப்பெற்ற டாம் ராபின்சன் என்னும் கறுப்பினத் தொழிலாளிக்காக அட்டிகஸ் பிஞ்ச் வாதிடுகிறார். வெள்ளையரே நிறைந்த நடுவர் குழு டாமைக் குற்றவாளி என்கிறது; தப்பியோட முயன்றான் என அவன் பின்னர்ச் சுடப்பட்டு இறக்கிறான். உலகெங்கும் சட்டம் பயின்றார் பலர் அட்டிகஸை முன்மாதிரியாகக் கொண்டனர்.

2015-இல் 'கோ செட் எ வாட்ச்மன்' அச்சேறியது. இது முதல் நாவலுக்கு முன்னரே எழுதப்பெற்றது. கதை நிகழும் காலமோ இருபது ஆண்டு பிற்பட்டது. இதில் முதியவரான அட்டிகஸ், பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாது என 1954-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பை வெறுக்கிறார். வெள்ளையர் மேலாண்மை பேசும் மன்றக் கூட்டத்தில் அமர்கிறார். கறுப்பின மக்கள் குடியாட்சிப் பொறுப்பை ஏற்கும் நிலையை இன்னும் எய்தவில்லை எனக் கருதுகிறார். வாசகர் பலர் தம் தெய்வம் உடைந்தது போல் வருந்தினர்.

மூலபாட ஆராய்ச்சி பயின்றார் இங்கு ஒரு தடை எழுப்பக்கூடும். முந்து வரைவு ஒன்றனைக் கொண்டு முடிந்த நூலின் பாத்திரத்தை அளத்தல் பொருந்துமா? இரு நூல்களில் வழக்கின் முடிவே வேறுபடுகிறது. பிந்தி அச்சான நூலில் குற்றம் சாட்டப்பெற்றவன் விடுதலை அடைகிறான். ஆகவே இரண்டினையும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகளாகக் கொள்ளுதல் அரிதே. இத்தடையை நாம் ஏற்கிறோம். எனினும் நம் முடிபுக்கு இரண்டாம் நூல் இன்றியமையாதது அன்று. முதல் நூலின் அகச்சான்றுகளே போதும்.

முதலாவது, டாமின் வழக்கை அட்டிகஸ் வலிந்து ஏற்கவில்லை. நீதிபதி டெய்லர் அமர்த்தியதால் ஏற்கிறார். ஏற்றபின் உயிரையும் பொருட்படுத்தாது உழைக்கிறார் என்பது உண்மை; அதனை மறைத்தல் நேர்மையன்று. மன்ரோ பிரீட்மன் என்னும் சட்டப் பேராசிரியர் 1992-இல் எழுப்பிய வினா, அமர்த்தப்படுமுன் அவ்வூரின் முறைகேட்டை மாற்ற அவர் செய்தது யாது என்பதே. 2009-இல் மால்கம் கிளாட்வெல், தனிமனிதர்க்கு உதவி அமைப்பைத் தொடாதுவிட்ட பழைய தென்மாநில அரசியலாரோடு அட்டிகஸை ஒப்பிட்டார். வாட்ச்மன் நூல் வெளிவருமுன்னரே எழுந்த திறனாய்வுகள் இவை.

இரண்டாவது சான்று இதனினும் நுண்ணியது. சாட்சிக் கூண்டில் டாம், மாயெல்லாவுக்கு ஏன் உதவினான் என்னும் வினாவுக்கு, அவள்மேல் இரக்கம் தோன்றியமையால் என்கிறான். அவ்விடையே அவனுக்குக் கூற்றாகிறது. கறுப்பன் ஒருவன் வெள்ளைப் பெண்ணுக்கு இரங்குதல் அவ்வூரார்க்குப் பொறுக்க இயலாதது. அதே மாயெல்லாவிடம் அட்டிகஸும் தம் இறுதியுரையில் இரக்கம் காட்டுகிறார். அது பெருந்தன்மையாகப் போற்றப்படுகிறது. இரக்கம் மேலிருந்து கீழ் நோக்கிப் பாயின் அறம். கீழிருந்து மேல் நோக்கின் குற்றம். நாவலாசிரியை இதனை உணர்ந்தே அமைத்தார் எனலாம். ஆனால் கதைத்தலைவர் இதனை உணர்ந்தாரல்லர். டாமிடம் அவர் காட்டும் பரிவும் அதே மேட்டிலிருந்து இறங்கி வருவது என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. நீதிமன்றத்துள் யாவரும் சமம் என்று அவர் உளமார நம்புகிறார். அவ்வாயிலைக் கடந்து தெருவிற்கு அச்சமம் வருதல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தக் காணோம்.

இதன்பின் வாட்ச்மன் நூலின் ஒரு நிகழ்ச்சியை நோக்கின் அது வியப்பளிக்காது. தம் வீட்டில் பணிபுரிந்த கல்பூர்னியாவின் பேரன் காரோட்டி ஒருவனைக் கொன்ற வழக்கை அட்டிகஸ் ஏற்க முன்வருகிறார். ஏன்? கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் வழக்கறிஞர் அவ்வழக்கினுள் புகுந்து, நடுவர் குழுவில் கறுப்பினத்தார்க்கும் இடம் கேட்டுவிடாதபடி தடுத்தற்கு. உதவுதலே உரிமையைத் தடுக்கும் கருவியாகும் இவ்விடம் நம் ஆராய்ச்சியின் நடுநாடி. 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பெற வாதிட்டு, 1967-இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் அமர்ந்த தர்குட் மார்ஷல் அச்சங்கத்தின் வழக்கறிஞரே. டாமுக்காக வாதிட அட்டிகஸுக்கு இயலும். டாமின் இனத்தான் ஒருவன் தமக்கு நிகராக மன்றத்தில் வாதிடுதலைப் பொறுக்க இயலாது. இரு அட்டிகஸும் ஒருவரே என நாம் சாதிக்கவில்லை. முதல் அட்டிகஸின் நீதி இரண்டாம் அட்டிகஸுக்கு இடம் கொடுக்கிறது என்பதே நம் கூற்று.

5. செங்கேணியின் வழக்கு

த. செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்', 1993-இல் விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரத்தில் காவலர் கையில் இராசாக்கண்ணு என்பார் இறந்த உண்மை வழக்கை அடியாகக் கொண்டது. அவ்வழக்கை உயர்நீதிமன்றத்தில் நடத்தியவர் கே. சந்துரு. அவர் 2006 முதல் 2013 வரை அதே மன்றத்தின் நீதிபதியாக விளங்கினார். சூர்யா நடித்த வழக்கறிஞர் பாத்திரத்திற்கும் சந்துரு என்பதே பெயர். எனினும் திரைப் பாத்திரம் கற்பனையோடு கலந்தது. நாம் ஆராய்வது அதனையே.

இப்பாத்திரத்தின் இனநோக்கு வெளிப்படையானது. பள்ளி விழாவில் சிறுவர் பல தலைவர் வேடம் புனைந்து நிற்க, அம்பேத்கர் வேடம் மட்டும் இல்லாமையை அவர் சுட்டுகிறார். படத்தின் தொடக்கத்திலோ, சிறையினின்றும் வெளிவருவோர் சாதி கேட்டுப் பிரிக்கப்படுகின்றனர். சிலர் வீடு செல்கின்றனர், சிலர் முடிக்கப்படாத பழைய வழக்குகளுக்காக மீண்டும் பிடிக்கப்படுகின்றனர். பிறப்பே சான்றாகும் கொடுமையை இக்காட்சி உரையின்றி உணர்த்துகிறது. இது கற்பனை மட்டும் அன்று. 1871-இல் இயற்றப்பெற்ற குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்து, 1947 வரை இங்கு நின்றது. குறவர் முதலிய மக்கள் பிறக்கும்போதே குற்றவாளிகள் எனப் பதிவு செய்யப்பட்டனர். சட்டம் போயிற்று, அதன் பார்வை காவல் நிலையங்களில் தங்கிற்று.

இங்கு ஒரு குறையைச் சொல்லல் வேண்டும். உண்மை வழக்கில் இறந்தவர் குறவர் இனத்தவர். படத்தில் அவர் இருளர். பாம்பும் எலியும் பிடித்து வாழும் இருளர் வாழ்வைப் படம் அன்போடு காட்டுகிறது. ஆயின் 'பரம்பரைக் குற்றவாளி' என்னும் முத்திரையைத் தலைமுறைகளாகச் சுமந்தவரை நீக்கி, பார்த்த அளவில் களங்கமின்மை தோன்றும் மக்களை அவ்விடத்தில் வைத்தமையால், பார்ப்போர் இரங்குதல் எளிதாகிவிடுகிறது. முறை வேண்டுவோர் இரங்கத்தக்கவராக இருத்தல் வேண்டும் என்பது விதியன்று. இரக்கம் பிறவாவிடத்தும் நீதி வழங்கப்படுதலே முறை. மேலும், உண்மை வழக்கை ஊரில் தாங்கி நின்ற பொதுவுடைமை இயக்கத்தாரின் நெடிய உழைப்பு படத்தில் சுருங்கி, ஒரு தனிமனிதரின் வெற்றியாகக் குவிந்துவிட்டது. மன்றத்தின் பேச்சு பெரும்பாலும் வழக்கறிஞருடையதே. மணியடித்த பசுவின் நிலைக்குச் செங்கேணி தாழ்ந்துவிடுவாளோ என்னும் ஐயம் படத்தின் சில பகுதிகளில் நமக்கு எழுகிறது.

அவ்வையத்தைப் படமே இரண்டிடங்களில் நீக்குகிறது. மேலிடத்து ஆணையால் அஞ்சிய காவலர், செங்கேணியை வண்டியில் ஏற்றி வீட்டில் விட முன்வருகின்றனர். அவள் ஏற மறுத்து நடக்கிறாள். காவல் வண்டி அவள் பின்னே ஊர்ந்து வருகிறது. பிறிதோரிடத்தில், பணம் பெற்று வழக்கை விடுமாறு காவல்துறைத் தலைவர் கேட்க, கணவனைக் கொன்றார் தரும் பொருளால் மக்களை வளர்க்க ஒவ்வேன் என அவளே மறுக்கிறாள். இவ்விரு முடிவும் வழக்கறிஞர் சொல்லிக் கொடுத்தவை அல்ல. கண்ணகியின் நிழல் இங்கே விழுகிறது. அவரது இனநோக்கு அவள் முடிவுக்கு இடம்விட்டு நிற்க அறிந்தது என்பதே இப்பாத்திரத்தின் சிறப்பு. அவர் வாதத்திறன் அதற்கு அடுத்ததே.

6. எழுதலும் அமர்தலும்

மாக்கிங்பேர்ட், ஜெய் பீம் ஆகிய இரண்டின் உச்சக் காட்சிகளையும் அருகருகே வைத்து நோக்குவோம். மாக்கிங்பேர்டில் தீர்ப்புக்குப் பின் அட்டிகஸ் மன்றத்தைவிட்டு நீங்குகையில், மாடத்தில் ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் அனைவரும் எழுந்து நிற்கின்றனர். படிப்போர் கண்ணீர் வடிக்கும் இடம் இது. ஆயினும் தோற்றது யார் வழக்கு? டாமின் வழக்கு. மதிப்புப் பெறுவது யார்? அட்டிகஸ். இறக்கப் போகிறவனின் மக்கள், காக்க இயலாதுபோன பெரியோனுக்கு நன்றி கூறி எழுகின்றனர்.

ஜெய் பீமின் இறுதியில், செங்கேணியின் மகள் அல்லி, சந்துருவின் எதிரில் நாற்காலியில் அமர்ந்து, செய்தித்தாளை விரித்து, அவரைப் போலவே கால்மேல் கால் இட்டுக்கொள்கிறாள். தயங்கி நோக்கும் குழந்தைக்கு அவர் பார்வையாலேயே இசைவு தருகிறார். இசைவு தரும் இடத்தில் இன்னும் அவரே இருக்கிறார் என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் திசை மாறிவிட்டது. அங்கே நீதியின் பயன் எழுந்து நிற்றல். இங்கே நீதியின் பயன் சமமாக அமர்தல். எதிரில் இருப்போரை இரக்கத்திற்குரியார் எனக் காணும் தலைவனின் கதை முதலதில் முடியும். உரிமைக்குரியார் எனக் காணும் தலைவனின் கதை இரண்டாவதில் முடியும். தலைவனின் இனநோக்கு கதையின் கட்டுக்கோப்பையே ஆளுகிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

7. முடிபு

இதுகாறும் கண்டவற்றால் மூன்று நிலைகள் புலனாகும். பாரிஸ்டர் ரஜினிகாந்துக்கு நீதி திறமையின் விளையாட்டு. பிற இனத்தார் அவர் கண்ணிலேயே படுவதில்லை. அட்டிகஸுக்கு நீதி தாழ்ந்தோர்க்கு உயர்ந்தோர் செய்யும் கடமை; அக்கடமையின் எல்லையே அவர் நீதியின் எல்லை. சந்துருவுக்கு நீதி பிறருடைய உரிமை. தாம் அதன் கருவி. கருவியே காட்சி முழுவதையும் நிறைத்துவிடும் இடர் அங்கும் உண்டு.

நான்காம் நிலை ஒன்று தமிழில் தோன்றியிருக்கிறது, ஆனால் முற்றுப்பெறவில்லை. 2018-இல் வெளிவந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்தின் தலைவன் ஒடுக்கப்பட்ட வகுப்பினின்றும் சட்டக் கல்லூரிக்கு வந்த மாணவன். ஆங்கிலப் பாடம் விளங்காது அவன் இடர்ப்படும் காட்சி, மாயூரம் முன்சீப்பு வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரத்தில் ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கறிஞரை எள்ளி, மன்றத்தில் தமிழ் வேண்டும் என வற்புறுத்திய பகுதியை நினைப்பிக்கிறது. இடையில் ஒன்றரை நூற்றாண்டு அளவு கழிந்தும் அவ்வாயிலின் தாழ் முழுதும் திறக்கவில்லை. இத்தலைவன் படம் முடியுங்கால் மாணவனே. மன்றம் ஏறி இன்னும் வாதிடவில்லை. தன் வழக்கைத் தானே உரைக்கும் வழக்கறிஞன் தலைவனாகும் கதை இனித்தான் நிறைவுபெறல் வேண்டும்.

வழக்கறிஞர் கதைகளைப் படிப்போரும் காண்போரும் நல்லோன் ஒருவன் நமக்காகப் பேசினான் என்னும் நிறைவோடு எழுந்துவிடுதல் இயல்பு. அந்நிறைவு ஆபத்தானது. மன்றத்தில் பேசியவனை வியக்கும்போது, பேசவிடப்படாதவனை மறந்துவிடுகிறோம். இவ்வகைக் கதைகளைத் திறனாயும் மாணவர், தலைவன் எவ்வளவு நல்லவன் எனக் கேட்பதை நிறுத்தி, அவன் நன்மை பிறர்க்கு எவ்வளவு இடம்விடுகிறது எனக் கேட்டல் வேண்டும். அவ்வினாவுக்கு விடைதரும் கதையே கண்ணோட்டத்தைக் கடந்து முறையை எய்திய கதையாகும்.